திறந்த கதவும் வெறுங்கையும்

உயர்தர வகுப்பில் ஒருநாள் பட்டினப்பாலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களையும், அவற்றின்மீது புலிமுத்திரை பொறித்துச் சுங்கம் கொண்ட ஊழியரையும் விளக்கினேன். அக்குவியலில் ஈழத்திலிருந்து சென்ற உணவுப்பொருளும் இருந்ததாகப் புலவர் குறிப்பதைச் சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், இப்ப நாங்கள் என்ன அனுப்பிறம்?" என்று கேட்டான். "தேயிலை, தைத்த உடுப்பு" என்றேன். "வேறை?" என்றான். அவன் தமையன் கத்தாரில் வேலை செய்வதை வகுப்பு முழுவதும் அறியும். எனக்கு முன்பே விடையைக் கண்டுகொண்ட பிள்ளைகள் சிரித்தார்கள்.

அச்சிரிப்புக்கு விடை சொல்லவேண்டிய கடமை ஆசிரியனுக்கு உண்டு. ஏனெனில் இஃது ஏட்டுப் பொருளியல் அன்று. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை, காகிதம் வாங்க டொலர் இல்லை. அடுத்த மாதம் அந்நியக் கடனைச் செலுத்த இயலாதென அரசு உலகறிய அறிவித்தது. 1956 இல் வைக்கோலிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கிய வாழைச்சேனை ஆலையோ அதற்கு முன்பே பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. வாங்குவதற்கு மட்டும் கதவைத் திறந்து, விற்பதற்கு ஒன்றும் செய்துவைக்காத நாட்டின் கதை அந்த ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது.

கதவு திறக்கப்பட்டது 1977 இல். அவ்வாண்டு நவம்பர் மாத வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலானவற்றை நீக்கியது. இரட்டை நாணயமாற்று முறையை ஒழித்து, டொலரொன்றுக்கு ஏறத்தாழ 16 ரூபா என்ற நிலையில் ரூபாவை மிதக்கவிட்டது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் பிறந்தது. மலிந்த ரூபா எமது பண்டங்களை உலகச் சந்தைக்குத் தள்ளும், அந்நிய முதலும் நுட்பமும் உள்ளே பாயும், இறக்குமதியால் நசியும் தொழிலுக்கு ஈடாக ஏற்றுமதித் தொழில் பெருகும் என்று சொன்னார்கள். நசிந்தது உடனே நடந்தது. கைத்தறிகள் ஆயிரக்கணக்கில் ஓய்ந்தன. பெருகியது எது?

புள்ளிவிபரத்தைப் பார்ப்போம். 2000 ஆம் ஆண்டில் எமது பொருள், சேவை ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 39 அளவில் இருந்தது. அதன் பின்னர் வந்த பத்தாண்டுகளில் அது ஏறவில்லை. 20 ஐ ஒட்டி இறங்கிற்று. 2024 இல் நாம் விற்ற பொருள் ஏறத்தாழ 1,280 கோடி டொலர் பெறுமதியுடையது. வாங்கியது 1,880 கோடி. 1990 இல் வியட்நாமின் ஏற்றுமதி எமதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இரண்டும் 200 கோடி டொலரை அண்டியே நின்றன. 2024 இல் வியட்நாம் விற்றது 40,000 கோடிக்கும் மேல். நாமோ அவர்களுக்குப் பத்தாண்டு முன்னரே கதவைத் திறந்தவர்கள்.

'அப்படியானால் இன்னும் திறவுங்கள்' என்பதே திறந்த பொருளாதாரத்தின் பற்றாளர் தரும் மறுமொழி. தீர்வையைக் குறை, தொழிற்சட்டத்தைத் தளர்த்து, கூலியைக் கட்டுப்படுத்து, அரச நிறுவனத்தை விற்றுவிடு. கொழும்பில் நடக்கும் கருத்தரங்குகளில் ஆண்டுதோறும் இதே பட்டியல் வாசிக்கப்படுகிறது. மருந்து பலிக்காவிடில் அளவைக் கூட்டும் நாட்டு வைத்தியரை நாம் பரிகசிப்போம். அதையே வெளிநாட்டுப் பட்டத்தோடு செய்தால் நிபுணர் என்கிறோம்.

அவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. அதை மறைத்து வாதிடுதல் முறையன்று. முன்கதவைத் திறந்த அதே அரசுகள் 2000 க்குப் பின் பின்கதவால் வரிகளை அடுக்கின. தீர்வைக்கு மேல் செஸ் வரி, அதற்கு மேல் துறைமுக விமான நிலைய வரி என ஒன்றன்மேலொன்றாய் ஏறின. வேடிக்கை யாதெனில், செஸ் வரி ஏற்றுமதியை வளர்க்கவென 1979 இல் இயற்றிய சட்டத்தின் கீழ் அறவிடப்படுவது. ஆனால் இவ்வரிகளின் நிழலில் குளிர்காய்ந்தவர் யார்? வெங்காயம் நட்ட கமக்காரனா? நெசவுக்காரியா? தரை ஓட்டையும் பிசுக்கோத்தையும் உள்ளூர்ச் சந்தையில் போட்டியின்றி விற்ற பெருங்கம்பனிகள். உள்நாட்டில் இரட்டை விலைக்கு விற்க வழியிருக்கையில் எந்த முதலாளி உலகச் சந்தையில் வியர்வை சிந்துவான்? அவனது முதல் காணி வாங்கியது, தொடர்மாடி கட்டியது, இறக்குமதி முகவராண்மை நடத்தியது. ஏற்றுமதிக்கான முதல் தடை சுங்கவாயிலில் இல்லை. எமது முதலாளி வர்க்கத்தின் சுபாவத்தில் இருக்கிறது. அது வணிகத்திற் பிறந்தது, ஆலையிற் பிறந்ததன்று.

வெற்றி என்று அவர்கள் காட்டுவது தைத்த ஆடையை. காட்டட்டும். ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 அதனின்றும் வருகிறது. எனினும் இத்தொழில் எப்படி வந்தது? அமெரிக்காவும் ஐரோப்பாவும் தத்தம் நெசவாலைகளைக் காக்க 1974 இல் பல்நார் உடன்படிக்கை செய்து, நாடு நாடாக அளவுப்பங்கு வகுத்தன. தம் பங்கை முடித்துவிட்ட கிழக்காசிய ஆலைக்காரர், பங்கு தீராத நாடு தேடி இங்கும் வந்தார்கள். ஆகவே தாராள வர்த்தகத்தின் பிள்ளையென நாம் போற்றுவது, உண்மையில் வர்த்தகக் கட்டுப்பாட்டின் பிள்ளை. 1992 இல் கிராமப்புறங்களுக்கு இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்ததும் அந்தப் பங்கின் பலத்தில்தான். 2005 தைமாதத்தோடு பங்குமுறை முடிந்தது. அதன்பின் எமது ஆலைகள் விழாமல் நின்றது பெருமைக்குரியதே. அங்கு வேலை செய்யும் பெண்களின் கைத்திறனுக்குரிய பெருமை அது.

ஆனால் துணி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து. ஆடை விற்றுப் பெறும் நூறு டொலரில் ஏறத்தாழப் பாதி, நெசவுப்பொருள் வாங்கவே திரும்பிப் போகிறது. நாற்பத்தைந்தாண்டு தைத்தும் நாம் நூலுக்கும் துணிக்கும் போதிய ஆலை கட்டவில்லை. தைக்கும் பொறியையும் செய்யவில்லை. வாங்குவோன் ஒருவன் முகத்தைச் சுளித்தால் நாடு நடுங்குகிறது. 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை மீறல்களைச் சுட்டி ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தி, 2017 இல் மீண்டும் தந்தது. 2025 ஏப்ரலில் வாஷிங்டன் எம்மீது 44 வீதத் தீர்வை என்றது; பேச்சுவார்த்தைக்குப்பின் ஓகஸ்டில் 20 வீதமாக்கியது. தாராளத்தை எமக்குப் போதித்த ஆசானே தன் வாயிலைச் சாத்துகையில் எமது நிபுணர்கள் என்ன சொன்னார்கள்? இங்கே இன்னும் திறக்கவேண்டும் என்றார்கள்.

வலயத்துப் பெண்ணின் கதை இந்த இலக்கங்களுக்குள் வராது. விடுதியொன்றில் அறைக்குப் பலராய் நெருங்கி, இரவுபகல் முறைமாறி வேலை செய்து, முப்பதுக்குள் கண்ணும் முதுகும் தளர்ந்து ஊர் திரும்புகிறவள் அவள். போர் முடிந்தபின் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் அவ்வாலைகள் வந்தன. என் பழைய மாணவியர் சிலர் விடியற்காலைப் பேருந்தில் அங்கே போகிறார்கள். 2011 இல் தம் ஓய்வூதியச் சேமிப்பைத் தொடும் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்காத் தொழிலாளர் கிளர்ந்தபோது பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. கூலியைக் கட்டுப்படுத்தினால் ஏற்றுமதி வளரும் என்போர் மலையகத்துக்குப் போய் விடை காணட்டும். குறைந்த கூலிதான் வளர்ச்சியின் வித்தென்றால், ஒன்றரை நூற்றாண்டாய்க் கொழுந்து பறித்த லயங்கள் இந்நேரம் மாளிகைகளாய் இருக்கவேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல்லாண்டு இழுபட்டு 2021 இல் நிறைவேறியது. அப்போது அது ஐந்து டொலர். அடுத்த ஆண்டு ரூபா சரிந்ததில் மூன்று டொலருக்கும் குறைவு. ஒரே ஆணையால் இரசாயன உரத்தைத் தடுத்து, ஆண்டுக்கு 30 கோடி கிலோவாக இருந்த தேயிலையை 2022 இல் 25 கோடிக்கு இறக்கியதும் கூலிக்காரர் அல்லர்; ஆட்சியாளர்.

இனிப் புல்மோட்டைக்கு வருகிறேன். என் வாதத்தின் மையம் அங்கேயே உள்ளது.

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரை மணல் கறுப்பு. உலகிற் செறிவு மிக்க கனிய மணற் படிவுகளில் ஒன்று அது. இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கோன் என்பன அதில் உள்ளன. 1957 இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று இதற்கென அமைந்தது. அங்கே நடப்பது யாது? மணலை அள்ளுகிறார்கள், நீராலும் காந்தத்தாலும் மின்னாலும் கனியங்களைப் பிரிக்கிறார்கள், கப்பலில் ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான். கறுத்த இல்மனைற்றிலிருந்து கிடைக்கும் வெண்ணிறத் தைத்தானிய ஒட்சைட்டுத்தான் சுவர்ப்பூச்சுக்கும் காகிதத்துக்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது என்று எங்கள் பாடசாலை இரசாயன ஆசிரியர் எனக்குச் சொன்னார். அந்த வெள்ளை மாவை நாம் விலைகொடுத்து இறக்குமதி செய்கிறோம். எங்கள் வகுப்பறைச் சுவருக்குப் பூசிய வெள்ளையில் புல்மோட்டை மண் இருக்கக்கூடும். அது கடல்கடந்து போய், வேறொருவன் ஆலையில் நிறம்மாறி, பன்மடங்கு விலையோடு வந்து சேர்ந்திருக்கும்.

ஆறு தசாப்தத்துக்கு மேலாக ஆட்சிகள் மாறின. மூடிய பொருளாதாரம் திறந்த பொருளாதாரமாயிற்று. கறுத்த மணல் கறுத்தபடியே போகிறது. இதற்கு எந்தத் தீர்வை தடை? எந்தத் தொழிற்சட்டம் தடை? பதப்படுத்தும் ஆலைக்குப் பெருமுதல் வேண்டும்; அமிலம் வேண்டும்; மின்சாரம் வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக அதை நடத்த அறிந்த இரசாயனரும் பொறியியலாளரும் வேண்டும். இலாபம் பத்தாண்டு கழித்து வரும். நாளை மாலை இலாபம் தேடும் வணிகன் இதைச் செய்யமாட்டான். செய்யவேண்டிய அரசு, சந்தை பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கழுவிக்கொண்டது. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் போரில் அடங்கின. போர் ஓய்ந்த 2009 க்குப் பின் வந்த அபிவிருத்தி எமக்கு வீதிகள் தந்தது. வங்கிக் கிளைகள் தந்தது. தவணைமுறையில் மோட்டார்ச் சைக்கிள் தந்தது.

கனியத்தை இன்னும் அதிகமாய் அள்ளினால் ஏற்றுமதி பெருகுமே என்பாரும் உளர். மன்னார்த் தீவு மக்கள் தம் மணலைத் தோண்டவிடாது ஏன் போராடினார்கள் என்பதை அவர்கள் கேட்டறிய வேண்டும். தரையிழந்து, கிணறு உவர்த்து, கரை அரிக்கப்பட்டபின் கிடைக்கும் டொலர் எவர் கைக்குப் போகும்? மணலின் விலை போதாது என்பதே எம் வாதமாயிருப்பின், அதைக் குறைந்த அளவில் அள்ளி நிறைந்த விலைக்கு மாற்றுவதே வழி. அதற்கும் ஆய்வுகூடம் வேண்டும்.

ஆய்வுகூடம் என்றதும் என் தொழிலுக்கு வந்துவிடுகிறேன். ஆராய்ச்சிக்கும் விருத்திக்கும் இந்நாடு செலவிடுவது மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.1 அளவே, ஆயிரத்துக்கு ஒரு ரூபா. ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஆயிரத்தை அண்டியவை மட்டுமே. மலையகத்திலும் வன்னியிலும் கிழக்கின் படுவான்கரையிலும் பிறந்த எத்தனை கூர்மதியாளர், இரசாயனம் கற்பிக்கும் பாடசாலை அருகில் இல்லாமையாலேயே என் தமிழ் வகுப்புக்கு வந்து சேர்கிறார்கள்! அவர்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் விரும்பி வரவேண்டும். ஏற்றுமதிப் பட்டியல் பொருளாதார அமைச்சில் எழுதப்படுவதாய் நினைக்கிறோம். அது கஷ்டப் பிரதேசப் பாடசாலையொன்றின் பூட்டிய ஆய்வுகூடத்தில் இருபதாண்டுக்கு முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது.

இன்னொரு தடையைப் பற்றித் தெற்கின் பொருளியலாளர் மெல்லவே பேசுவர். 1980 களின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹரிஸ் என்னும் இரு அமெரிக்க நிறுவனங்கள் குறைகடத்தி இணைக்கும் ஆலைகளை இங்கு அமைக்க முன்வந்தன. 1983 யூலையில் கொழும்பு எரிந்தது. தமிழருக்குச் சொந்தமான தொழிற்சாலைகளும் அவற்றோடு சிங்களத் தொழிலாளரின் பிழைப்பும் எரிந்தன. அவ்விரு நிறுவனங்களும் வேறு நாடு தேடிச் சென்றன. இருபத்தாறாண்டுப் போரின் விலையில் இதனையும் சேர்த்து எழுதுக. இனவாதம் அந்நியச் செலாவணிக்கும் பகை என்று சொல்வது, அதன் கொடுமைகளிற் சிறியதொன்றைச் சொல்வதே, ஆயினும் சொல்லவேண்டும்.

இனி எம்மவரோடும் ஒரு வார்த்தை. இடதுசாரி நண்பர் பலர் இவ்வளவையும் கேட்டுத் தலையசைத்து, 'அதனால்தான் 1977 க்கு முந்திய காலம் நல்லது' என்று முடிப்பார்கள். என் அப்பப்பா வலிகாமத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர். இறக்குமதி தடைப்பட்ட அந்த ஆண்டுகளில் கிடைத்த விலையில்தான் நாங்கள் இன்றும் இருக்கும் கல்வீடு எழுந்தது. 1977 க்குப்பின் கப்பலில் வந்த மிளகாய் அவரை முறித்தது. ஏற்றுமதித் தொழில் ஈடுசெய்யும் என்றார்களே, அது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது தெரியுமா? பெரியப்பா சவூதிக்குப் போனார். எனவே அக்காலத்தின் அருமையை நான் கேள்வியால் மட்டும் அறிந்தவன் அல்லன். அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தவன்.

ஆயினும் அதே ஆண்டுகளில் பாணுக்கு விடியுமுன் வரிசை நின்றதும், தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்ததும் உண்மை. கதவைச் சாத்தியவர்கள் சாத்திய அறைக்குள் என்ன செய்தார்கள்? கமக்காரனின் மிளகாயைப் பொடியாக்கி, எண்ணெயாக்கி, அயல்நாட்டுக்கு விற்க ஓர் ஆலை வந்ததா? விலை மட்டுமே காத்தது. விலை போனதும் எல்லாம் போயிற்று. திறந்தோரும் சாத்தியோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றனர். உள்ளே உலை ஏறவில்லை.

வியட்நாமைச் சோசலிசத்தின் வெற்றியென்று கொண்டாடும் அவசரமும் எனக்கில்லை. அதன் ஏற்றுமதியில் ஏறத்தாழ முக்காற்பங்கு அந்நிய நிறுவனங்களுடையது. அங்கும் பெண்கள் குனிந்தே வேலை செய்கிறார்கள். ஆனால் 1986 இல் பாதை மாற்றிய அந்நாடு முதலில் நிலத்தைக் கமக்காரக் குடும்பங்களின் கையில் கொடுத்தது. அரிசி இறக்குமதி செய்தவர்கள் 1989 இலேயே பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தார்கள். கிராமத்துப் பிள்ளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கொடுத்தார்கள். எதைத் திறப்பது, எப்போது, எவருக்கு என்று திறந்தவர்களே தீர்மானித்தார்கள். நாமும் ஒருகாலத்தில் அப்படித் தீர்மானித்தவர்கள்தாம்: 1952 இல் அமெரிக்காவின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாது சீனத்தோடு இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தோம். அதனைச் செய்தது இடதுசாரி அரசுமன்று.

இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தின் கதையையும் இடையிற் சொல்லிவிடுகிறேன். 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்ததும் எமது ஏற்றுமதி துள்ளியது. துள்ளியவை எவை? வனஸ்பதியும் செம்பும். வேறுநாட்டுப் பாமெண்ணெயையும் பழஞ்செம்பையும் இங்கே இறக்கி, உருமாற்றி, தீர்வை வேற்றுமையில் இலாபம் பார்த்தார்கள். இந்தியா கட்டுப்பாடு விதித்ததும் தொழில் மறைந்தது. திறந்த வாயிலுக்கு எம் வணிக வர்க்கம் கண்ட உபயோகம் அதுவே.

ஆகவே ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் ஏற்றுமதி என்பதைக் கம்பனிக்காரரின் விடயமென ஒதுக்குதல் ஆகாது. செஸ் வரியால் காக்கப்படும் ஒவ்வொரு கம்பனியும் பதிலுக்கு எத்தனை டொலர் ஈட்டியது என்ற கணக்கைப் பகிரங்கமாய்க் கேட்போம். புல்மோட்டை மணலை மூலப்பொருளாய் ஏற்றுவது எந்த ஆண்டு நிறுத்தப்படும், அதற்குரிய ஆலையும் ஆய்வுகூடமும் எந்த ஆண்டு எழும் எனத் திகதி கேட்போம். அவ்வூர் மக்களின் சம்மதத்தோடு கேட்போம். ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு கேட்போம். 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கென வெளிநாடு சென்றார்கள். அவர்கள் அனுப்பும் பணம் ஆடை வருமானத்தையும் விஞ்சுகிறது. இதனைச் சாதனையென அறிவிக்கும் அமைச்சர்களைப் பார்த்து, இந்நாட்டின் முதலாவது ஏற்றுமதிப் பண்டம் மனிதனா என்று கேட்போம்.

என்னிடம் வினாவிய மாணவன் இப்போது செவ்வாய்தோறும் பாடத்துக்கு வருவதில்லை. கொரிய மொழிப் பரீட்சைக்கு வகுப்பு நடக்கிறதாம். நான் தடுக்கவில்லை, தடுத்துவிட்டுக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? இவ்வாதத்தில் பிழை காண்போர் இப்பக்கங்களிலேயே எழுதட்டும். குறிப்பாக, இன்னும் திறக்கவேண்டும் என்போர், புல்மோட்டைக்கு விடையோடு வரட்டும்.